ஒரே வன்பொருள் மாதிரியைப் பல சிமுலேஷன் நூலகங்களில் பயன்படுத்துவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் கணினி அறிவியலும் மின்னணுவியலும் கற்கும் மாணவர்களையும், கருவி கையில் வருமுன்பே அதற்கான ஃபர்ம்வேரை (கருவிக்குள்ளிருந்து அதை இயக்கும் மென்பொருளை) எழுதிச் சோதிக்க விரும்பும் இளம் பொறியியலாளர்களையும் மனத்தில் வைத்து இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. விளக்கங்கள் அந்தரத்தில் நிற்காமல் இருப்பதற்காக ஓர் எடுத்துக்காட்டைத் தொடர்ந்து பயன்படுத்துகிறேன். ஒரு குளத்தின் நீர்மட்டத்தை அளந்து, தொடர் இணைப்பு வழியாக மோடத்துக்கு அனுப்பும் ஒரு சிறு கருவியே அது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்ததை நினைவில் வைத்திருக்கும் மாவட்டத்தில், இத்தகைய கருவியின் மென்பொருள் முதன்முதலாக அணைக்கட்டின் மேல்தான் சோதிக்கப்படுகிறது என்ற நிலை வரவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

வன்பொருள் மாதிரி என்று இங்கே எதைச் சொல்கிறீர்கள்?

ஒரு சில்லின் நடத்தையை அப்படியே காட்டும் மென்பொருளைச் சொல்கிறேன். இத்தகைய மாதிரிகளை இணைத்துக் கணினியில் ஓட்டிப் பார்க்க உதவும் மென்பொருள்களையே சிமுலேஷன் நூலகங்கள் என்கிறேன். ஃபர்ம்வேர் ஒரு ரெஜிஸ்டரில் (சில்லுக்குள் இருக்கும் சிறு சேமிப்பிடத்தில்) எழுதினால் உண்மையான சில்லு என்ன செய்யுமோ அதை மாதிரியும் செய்ய வேண்டும். ரெஜிஸ்டரை வாசித்தால் உண்மையான சில்லு தரும் மதிப்பையே தர வேண்டும். நம் எடுத்துக்காட்டில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், நீரழுத்த உணரியின் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் பகுதி, ஒரு டைமர், 16550ஏ வகையைச் சேர்ந்த தொடர் இணைப்புச் சில்லு ஆகியவை உள்ளன. இவற்றுள் தொடர் இணைப்புச் சில்லையே பெரும்பாலும் எடுத்துப் பேசுவேன். அனுப்புவதற்கும் பெறுவதற்கும் 16 பைட் வரிசைகள் இரண்டைக் கொண்ட அந்தச் சிறிய சில்லில் இவ்விடயத்தின் எல்லாச் சிக்கல்களும் அடங்கியிருக்கின்றன.

ஒரு நூலகத்தைத் தேர்ந்தெடுத்து, அதிலேயே நின்றுவிட்டால் என்ன?

ஒரு நூலகம் போதுமென்றால் அதிலேயே நிற்பது நல்லதுதான். ஆனால் தேவை மாறும்போது நூலகமும் மாறுகிறது. ஃபாப்ரிஸ் பெல்லார்ட் தொடங்கி 2003இல் வெளிவந்த கியூஎமு, ஃபர்ம்வேரையோ முழு லினக்ஸையோ விரைவாக ஓட்டிப் பார்ப்பதற்கு உகந்தது. சில்லுக்குள் எந்தக் கணத்தில் என்ன நடக்கிறது என்பதில் அது அக்கறை காட்டுவதில்லை. சிஸ்டம்சி, வன்பொருள் வடிவமைப்பாளர்களின் கருவி. அது 2005இல் ஐ.இ.இ.இ. 1666 என்ற தரநிலையாகியது. பரிமாற்ற மட்ட மாதிரியாக்கத்துக்கான (ஒவ்வொரு வாசிப்பையும் எழுதுதலையும் ஒரு முழுப் பரிமாற்றமாகக் காட்டுவதற்கான) டி.எல்.எம். 2.0 பகுதி 2011ஆம் ஆண்டுப் பதிப்பில் அதனுடன் சேர்ந்தது. 2023இல் புதிய பதிப்பு வந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் எம்5, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜெம்ஸ் ஆகிய இரண்டும் இணைந்து உருவான ஜெம்5, செயலியும் நினைவகமும் எடுக்கும் நேரத்தை ஆராய்பவர்களுக்கு உரியது. அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வுகூடங்களில் உருவான எஸ்.எஸ்.டி., பெரிய கணினித் தொகுதிகளைப் பல கணினிகளில் பகிர்ந்து ஓட்டுகிறது.

ஒரு மாணவர் முதலில் கியூஎமுவில் ஃபர்ம்வேரை ஓட்டுகிறார். அடுத்த ஆண்டு அதே கருவிக்குச் சொந்தச் சில்லு ஒன்றை வடிவமைக்கும் ஆய்வில் சிஸ்டம்சி தேவைப்படுகிறது. அப்போது தொடர் இணைப்புச் சில்லின் மாதிரியை மறுபடியும் எழுதினால், நாளடைவில் இரண்டு மாதிரிகளும் இரண்டு விதமாக நடந்துகொள்ளத் தொடங்கும். எது சரி என்று சொல்ல எவரும் இருக்கமாட்டார். மறுபயன்பாட்டால் உழைப்பு மிச்சமாவது உண்மைதான். ஆனாலும் உண்மைக்கு ஒரே ஓர் இடம் இருக்கிறது என்பதையே நான் அதன் முதன்மையான பயனாகக் கருதுகிறேன்.

ஒரு நூலகத்துக்கு எழுதிய மாதிரி இன்னொன்றில் ஏன் ஓடுவதில்லை? இரண்டும் சி++ தானே?

மொழி ஒன்றாக இருப்பது சிறிய உதவிதான். சிஸ்டம்சியில் மாதிரி, நூலகத்தின் மொட்யூல் வகுப்பிலிருந்து பிறக்கிறது. ஜெம்5இல் அந்த நூலகத்தின் சிம்ஆப்ஜெக்ட் வகுப்பிலிருந்து பிறக்கிறது. கியூஎமுவில் சி மொழியில் எழுதப்பட்ட அதன் சொந்தப் பொருள் அமைப்புக்குள் நுழைய வேண்டும். இது மேலோட்டமான வேறுபாடு. ஆழத்தில் இருப்பவை வேறு: நேரம் எந்த அலகில், யாரிடம் இருக்கிறது, மாதிரி காத்திருக்கலாமா, ஒரு பரிமாற்றம் ஒரே அழைப்பில் முடிகிறதா, கோரிக்கையும் பதிலுமாகப் பிரிகிறதா, மாதிரி எப்போது பிறக்கிறது, எப்போது இணைக்கப்படுகிறது. ஒரு மாதிரியின் ஆயிரம் வரிகளில் சில்லின் நடத்தையைச் சொல்லும் வரிகளும் மேற்சொன்ன கேள்விகளுக்குக் குறிப்பிட்ட நூலகத்தின் விடையைச் சொல்லும் வரிகளும் பின்னிக் கிடப்பதால்தான் பெயர்த்தெடுக்க முடிவதில்லை.

அப்படியானால் எங்கே பிரிப்பது?

மாதிரியை உட்கரு, உறை என இரண்டாகப் பிரியுங்கள். ரெஜிஸ்டர்கள், வரிசைகள், நிலைமாற்ற விதிகள் எல்லாம் உட்கருவில் இருக்கும். உட்கருவின் கோப்புகளில் எந்தச் சிமுலேஷன் நூலகத்தின் தலைப்புக் கோப்பும் சேர்க்கப்படக் கூடாது. ஒன்றாவது சேர்ந்துவிட்டால் பிரிவினை பொய்யாகிவிடும். உறை மெல்லியது, நூலகத்துக்கு ஒன்றாக எழுதப்படுவது, நூலகத்தின் பேச்சை உட்கருவின் பேச்சாக மாற்றுவது மட்டுமே அதன் வேலை. கடற்கரையில் ஒரே எஞ்சினை வெவ்வேறு வள்ளங்களில் பூட்டுகிறவர்கள் எஞ்சினைப் பிரித்துத் திருத்துவதில்லை. அந்தந்த வள்ளத்தின் பின்பலகையைத்தான் அதற்கேற்ப அமைக்கிறார்கள்.

உட்கரு வெளியுலகுக்குத் தர வேண்டிய செயற்கூறுகள் மிகச் சில: மீளமைத்தல், ரெஜிஸ்டரை வாசித்தல், ரெஜிஸ்டரில் எழுதுதல், வெளியிலிருந்து வந்த பைட்டைப் பெறுதல், ‘நீ கேட்ட நேரம் வந்துவிட்டது’ என்ற அறிவிப்பை ஏற்றல். உட்கரு உறையிடம் கேட்கக்கூடியவை அதனிலும் சில: என்னை இந்த நேரத்தில் எழுப்பு, செயலியின் கவனத்தைக் கோரும் இன்டரப்ட் கம்பியை இந்த மட்டத்தில் வை, இந்த பைட்டை வெளியே அனுப்பு, இந்தச் செய்தியைப் பதிவு செய். இந்தப் பட்டியல் நீளத் தொடங்கினால், உட்கருவில் இருக்கக் கூடாத ஏதோ ஒன்று உள்ளே வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

நேரத்தை எப்படிக் கையாள்வது?

இதுவே இவ்விடயத்தின் மையம். மற்ற எல்லாவற்றையும் பிறகு சரிசெய்துகொள்ளலாம், நேரத்தில் தவறினால் மாதிரியை மறுபடியும் எழுதத்தான் வேண்டும். விதி சுருக்கமானது: மாதிரி நேரத்தைச் சொந்தமாக வைத்திருக்கக் கூடாது. ஒவ்வோர் அழைப்பிலும் இப்போதைய நேரம் அதற்குச் சொல்லப்பட வேண்டும்; அடுத்து எப்போது தன்னை எழுப்ப வேண்டும் என்பதை மட்டும் அது திருப்பிச் சொல்ல வேண்டும்.

அடுத்த கேள்வி, எந்த அலகில் என்பது. சிஸ்டம்சியிலும் ஜெம்5இலும் இயல்பான அலகு ஒரு பிகோசெக்கன் (செக்கனின் இலட்சம் கோடியில் ஒரு பங்கு). கியூஎமுவின் மெய்நிகர் கடிகாரம் நனோசெக்கனில் (செக்கனின் நூறு கோடியில் ஒரு பங்கில்) ஓடுகிறது. 16550ஏ சில்லுக்கு வழமையாகத் தரப்படும் கடிகாரம் 1.8432 மெகாஹேர்ட்ஸ், அதை 16ஆலும், வகுப்பி ரெஜிஸ்டரில் இடப்படும் 12ஆலும் வகுத்தால் செக்கனுக்கு 9600 பிட் என்ற வேகம் மிச்சமின்றிக் கிடைக்கிறது. ஆனால் அந்தக் கடிகாரத்தின் ஒரு துடிப்பு 542,534.72 பிகோசெக்கன், முழு எண்ணாக அமைவதில்லை. அதை 542,535 என முழுமையாக்கி, துடிப்புக்குத் துடிப்பு கூட்டிக்கொண்டே போகும் மாதிரி, ஒரு நாளில் சுமார் 44 மில்லிசெக்கன் விலகுகிறது. 9600 வேகத்தில் அது நாற்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகளின் நேரம். நனோசெக்கனில் 543 என முழுமையாக்கினாலோ ஒரு நாளின் விலகல் 74 செக்கன் ஆகிவிடும். ஒரே சில்லின் மாதிரி, ஒரே ஃபர்ம்வேர், இரண்டு நூலகங்கள், இரண்டு வேறு விடைகள்! இதைக் கண்டு நூலகத்தில் வழு இருக்கிறது என்று பலர் முடிவுசெய்கிறார்கள். வழு மாதிரியில் இருக்கிறது.

ஆகவே உட்கரு தன் சொந்தக் கடிகாரத்தின் துடிப்புகளை மட்டும் முழு எண்ணில் எண்ண வேண்டும். துடிப்பை நூலகத்தின் அலகுக்கு மாற்றுவது உறையின் பொறுப்பு. அந்த மாற்றம் ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து எண்ணிய மொத்தத் துடிப்பில் செய்யப்பட வேண்டும், முந்தைய விடையின் மேல் கூட்டப்படக் கூடாது. அப்படிச் செய்தால் பிழை எப்போதும் ஓர் அலகுக்குள் அடங்கிவிடும், சேர்ந்து வளராது. மொத்தத் துடிப்பை நேரடியாக 10இன் 12ஆம் அடுக்கால் பெருக்கினால் 64 பிட் எண் பத்தே செக்கனில் நிரம்பி வழிந்துவிடும் என்பதையும் கவனியுங்கள். துடிப்பை 1,843,200ஆல் வகுத்து, ஈவை முழுச் செக்கனாகவும் மீதியைத் தனியாகவும் மாற்றினால் இந்தச் சிக்கல் இல்லை.

நீண்டகாலச் சிமுலேஷன் செய்பவர்களுக்கு இன்னுமொரு கவனம் தேவை. 64 பிட் எண்ணில் பிகோசெக்கனாக எண்ணினால் ஏறத்தாழ 213 நாட்களில் எல்லை வந்துவிடுகிறது. வடகீழ்ப் பருவமழையில் குளம் நிரம்புவதில் தொடங்கி அடுத்த மழை வரையிலான ஓர் ஆண்டு முழுவதையும் ஓட்ட நினைப்பவருக்கு அது போதாது. சிஸ்டம்சியில், நேர மதிப்புகளை உருவாக்கத் தொடங்குமுன், நுண்மையை நனோசெக்கனாக மாற்றிக்கொள்ளலாம். உட்கரு துடிப்பையே எண்ணுவதால் அந்த மாற்றம் அதைத் தொடவே தொடாது.

‘என்னை எழுப்பு’ என்ற ஒரே கோரிக்கை எல்லா நூலகங்களிலும் ஒரே பொருள் தருமா?

தராது, உறை எழுதுபவர்கள் இடறும் இடங்களில் இது முதன்மையானது. கியூஎமுவில் ஏற்கனவே நேரம் குறித்த டைமருக்குப் புதிய நேரம் கொடுத்தால் பழையது அழிந்து புதியது நிற்கும். சிஸ்டம்சியில் ஒரு நிகழ்வுக்கு ஒரே ஓர் அறிவிப்புத்தான் நிலுவையில் இருக்கலாம். நிலுவையில் உள்ளதைவிடப் பிந்திய நேரத்தைக் கொடுத்தால் புதிய கோரிக்கை சத்தமின்றிக் கைவிடப்படும். எனவே முதலில் பழையதை இரத்துச் செய்துவிட்டுத்தான் புதியதைக் குறிக்க வேண்டும். ஜெம்5இல் ஏற்கனவே அட்டவணையில் உள்ள நிகழ்வை மீண்டும் அட்டவணைப்படுத்தினால் ஓட்டம் நின்றுவிடும். மறு அட்டவணைக்கென உள்ள தனிச் செயற்கூற்றை அழைக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் இணைப்பில் அனுப்பிய நிகழ்வை மீளப்பெற முடியாது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு தொடரிலக்கம் கொடுத்து, காலாவதியான இலக்கத்துடன் வரும் நிகழ்வை உறை தள்ளிவிட வேண்டும்.

உட்கருவுக்கான பொருளை நீங்களே வரையறுத்து எழுதிவையுங்கள். நான் பரிந்துரைப்பது: கடைசியாகக் கேட்ட நேரம் மட்டுமே செல்லுபடியாகும். அதை ஒவ்வொரு நூலகத்திலும் உண்மையாக்குவது அந்தந்த உறையின் கடமை.

மாதிரிக்குள் காத்திருக்கலாமா?

கூடாது. சிஸ்டம்சியின் இழைகளுக்குள் வெயிட் என்று எழுதிக் காத்திருப்பது மிக வசதியானது. நிரலைக் கதைபோல மேலிருந்து கீழாக வாசிக்கலாம். ஆயினும் கியூஎமுவில் ரெஜிஸ்டரை வாசிக்கும் அழைப்பு உடனே மதிப்புடன் திரும்ப வேண்டும். ஜெம்5இன் நேர முறையில் கோரிக்கை ஓர் அழைப்பாகவும் பதில் பின்னொரு நிகழ்வாகவும் செல்கிறது, ஏற்க முடியாதபோது ‘மறுபடி முயல்’ என்ற அறிவிப்புக்காகக் காத்து நிற்க வேண்டியது அனுப்பியவரின் பொறுப்பு. காத்திருப்பை அடிப்படையாகக் கொண்ட உட்கரு இங்கெல்லாம் நுழைய முடியாது. காத்திருக்காத உட்கருவோ எல்லா இடத்திலும் நுழையும். ஆகவே உட்கருவை ஒரு நிலைப்பொறியாக (ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்கு விதிப்படி மாறும் நிரலாக) எழுதுங்கள், அழைத்தவுடன் திரும்பட்டும், பரிமாற்றத்துக்கு இத்தனை துடிப்புத் தாமதம் என்பதை ஓர் எண்ணாகத் திருப்பித் தரட்டும். டி.எல்.எம். 2.0இன் பி_டிரான்ஸ்போர்ட் அழைப்பில் தாமதத்தை ஏற்றிச் சொல்ல ஏற்கனவே ஓர் இடம் இருக்கிறது. ஜெம்5இன் உறை அதே எண்ணைக் கொண்டு பதில் நிகழ்வைக் குறிக்கும். கியூஎமுவின் உறை அதைப் பொருட்படுத்தாமல் விடலாம்.

டி.எல்.எம். தளர்நேர முறையில் நேரம் பின்னோக்கிச் செல்வதுபோலத் தோன்றுகிறதே?

ஆம், அது உண்மையில் நடக்கும். வேகத்துக்காக ஒவ்வொரு செயலி மாதிரியும் பொது நேரத்தைவிடக் குறிப்பிட்ட அளவு முன்னோக்கி ஓடிச்செல்ல அங்கே அனுமதி உண்டு. ஆகவே உறை உட்கருவுக்குச் சொல்ல வேண்டிய நேரம், சிஸ்டம்சி நூலகத்தின் மையமான கெர்னலின் நேரமும் அழைப்போடு வந்த தாமதமும் சேர்ந்த கூட்டுத்தொகை. இரண்டு செயலிகள் ஒரே சில்லை அழைத்தால், முதல் அழைப்பின் நேரத்தைவிட இரண்டாவது அழைப்பின் நேரம் முந்தியதாக இருக்கலாம். உட்கருவிலோ நேரம் ஒருபோதும் குறையாது என்ற எடுகோள் இருக்க வேண்டும். முந்திய நேரம் வந்தால் கடைசியாகச் சொன்ன நேரத்தையே மறுபடி சொல்வது எளிய தீர்வு. துல்லியம் தேவைப்பட்டால் அந்தச் செயலியைப் பொது நேரத்துடன் ஒத்திசையச் செய்வது கடினமான, ஆனால் சரியான தீர்வு. எதுவாயினும் அது உறைக்குள் முடிய வேண்டும்.

இன்டரப்ட்டை எப்படி வெளியே கொண்டுவருவது?

கம்பியின் மட்டம் உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்திருக்கிறதா என்பதை மட்டும் உட்கரு சொல்லட்டும். கியூஎமுவில் மட்டத்தை மாற்றும் அழைப்பு அந்தக் கணமே மறுமுனையில் உள்ள மாதிரியை ஓடவைக்கும். சிஸ்டம்சியின் சிக்னலில் எழுதிய மதிப்பு அடுத்த டெல்டா சுற்றில்தான் (நேரம் நகராமல் நடக்கும் அடுத்த புதுப்பிப்பில்தான்) மற்றவர்களுக்குத் தெரியும். முதல் வகையில் ஓர் ஆபத்து உண்டு: உட்கரு தன் ரெஜிஸ்டர்களைப் பாதி மாற்றிய நிலையில் மட்டத்தை உயர்த்தினால், மறுமுனை உடனே திரும்பி வந்து பாதி மாறிய ரெஜிஸ்டரை வாசிக்கக் கூடும். ஆகவே தன் நிலை முழுவதையும் முதலில் மாற்றி முடித்து, கடைசி வேலையாக மட்டுமே வெளியே பேச வேண்டும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்த உட்கரு இரண்டு நூலகங்களிலும் ஒன்றுபோல நடக்கும்.

வழுநீக்கி (நிரலின் பிழைகளைத் தேட உதவும் கருவி) ரெஜிஸ்டரைப் பார்த்தாலே மாதிரியின் நடத்தை மாறுகிறது. ஏன்?

உண்மையான சில்லில் வாசிப்பதும் ஒரு செயல். 16550ஏ சில்லின் பெறும் ரெஜிஸ்டரை வாசித்தால் வரிசையிலிருந்து ஒரு பைட் எடுபட்டுவிடும்; இணைப்பு நிலை ரெஜிஸ்டரை வாசித்தால் பிழைப் பிட்டுகள் அழியும். வழுநீக்கியின் நினைவகச் சாளரம் அதே முகவரிகளை வாசித்தால் ஃபர்ம்வேருக்கு வர வேண்டிய எழுத்து காணாமற்போகும். டி.எல்.எம்.இல் வழுநீக்கத்துக்கெனத் தனிப் பரிமாற்ற அழைப்பும், ஜெம்5இல் நேரம் செலவிடாத தனி அணுகல் முறையும் உண்டு. உட்கருவில் ‘பார்த்தல்’ என்ற பக்கவிளைவற்ற செயற்கூறு ஒன்று ‘வாசித்தல்’ என்பதிலிருந்து வேறாக இருந்தால்தான் உறைகள் அவற்றைச் சரியாக இணைக்க முடியும். தொடக்கத்திலேயே இதை எழுதிவிடுங்கள். பிறகு சேர்ப்பது கடினம்.

பைட் ஒழுங்கை (பல பைட் கொண்ட எண்ணில் எந்த பைட் முதலில் வரும் என்பதை) எப்படிக் கையாள்வது?

உட்கருவுக்கு ரெஜிஸ்டரின் இடம், எத்தனை பைட், 64 பிட்டுக்குள் அடங்கும் எண் மதிப்பு ஆகிய மூன்று மட்டும் போகட்டும். பைட் வரிசையைச் சுட்டும் முகவரி போகவே கூடாது. டி.எல்.எம். பரிமாற்றங்களைச் சுமந்து செல்லும் பொதுச் சுமையின் தரவு, சிமுலேஷன் ஓடும் கணினியின் பைட் ஒழுங்கில் சொற்களாக அமைகிறது. கியூஎமுவில் ஒவ்வொரு நினைவகப் பகுதிக்கும் ஒழுங்கைத் தனியாகக் குறிப்பிடலாம். எண்ணாக மாற்றிய பின் இந்த வேறுபாடுகள் உட்கருவை எட்டுவதில்லை.

உட்கருவுக்கும் உறைக்கும் இடையிலான எல்லையை எந்த மொழியில் எழுதுவது? சி++ போதாதா?

உட்கருவின் உள்ளே சி++ இருக்கலாம். நானும் அதையே விரும்புகிறேன். எல்லையில் மட்டும் சி இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம், சி++ தொகுப்பிகள் செயற்கூறுகளின் பெயர்களை உருமாற்றும் முறையும், வகுப்புகளை நினைவகத்தில் அடுக்கும் முறையும், தர நூலகத்தின் உள்ளமைப்பும் தொகுப்பிக்குத் தொகுப்பி, பதிப்புக்குப் பதிப்பு மாறக்கூடியவை என்பதே. கியூஎமு சி மொழியில் எழுதப்பட்டது. பைதானிலிருந்தும் ரஸ்ட்டிலிருந்தும் சியை அழைப்பது எளிது. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாத ஒரு சுட்டியும், செயற்கூறுகளின் அட்டவணையும், அந்த அட்டவணையின் முதலிடத்தில் ஒரு பதிப்பு எண்ணும் போதும். உட்கருவில் எழும் விதிவிலக்குகள் இந்த எல்லையைத் தாண்டி வெளியேறாதபடி உள்ளேயே பிடிக்கப்பட வேண்டும்.

மாதிரிகளை மென்பொருள்களுக்கிடையே பரிமாறிக்கொள்ள எஃப்.எம்.ஐ. என்ற தரநிலை இருக்கும்போது நாமே ஏன் எல்லை வகுக்க வேண்டும்?

நல்ல கேள்வி, பாதி இடத்தில் எஃப்.எம்.ஐ.யே சரியான விடை. மொடலிசார் என்ற ஐரோப்பிய ஆய்வுத் திட்டத்தில் பிறந்து, 2010இல் முதற்பதிப்பும் 2014இல் இரண்டாவதும் 2022இல் மூன்றாவதும் வந்த இத்தரநிலையை மொடலிக்கா சங்கம் பேணுகிறது. ஒரு மாதிரியை எஃப்.எம்.யூ. என்ற சிப் (zip) கோப்பாகக் கட்டி, அதனுள் மாறிகளை விவரிக்கும் எக்ஸ்.எம்.எல். கோப்பையும், தொகுத்த நிரலையோ சி மூலநிரலையோ வைத்துத் தருகிறார்கள். அழைப்புகள் எல்லாம் சி மொழியில்தான்.

குளத்தின் நீர் இருப்பு, வரத்து, மதகு வழியான வெளியேற்றம், ஆவியாதல் போன்ற தொடர்ச்சியான இயற்பியலை எஃப்.எம்.யூ.வாக எழுதுவதையே நான் வற்புறுத்துகிறேன். அது சிஸ்டம்சியின் பக்கத்திலும் ஓடும், கட்டுப்பாட்டுப் பொறியியலாளர் பயன்படுத்தும் மென்பொருளிலும் ஓடும். ஆனால் இணைச் சிமுலேஷன் முறையில் அது ‘இவ்வளவு நேரம் முன்னேறு’ என்ற படிகளாக நடக்கிறது. ஒரு ரெஜிஸ்டரை வாசித்தவுடன் ஒரு பிட் அழிய வேண்டும், அதே கணத்தில் கம்பி தாழ வேண்டும் என்ற சில்லுகளை இணைக்கும் பஸ் மட்டப் பேச்சுக்கு அது இயல்பான வடிவமல்ல. மூன்றாம் பதிப்பு கடிகாரங்களையும் 64 பிட் எண்களையும் சேர்த்திருந்தாலும் என் கணிப்பு மாறவில்லை. குளத்துக்கு எஃப்.எம்.யூ., சில்லுக்கு உட்கருவும் உறையும். இரண்டும் உணரியின் மின்னழுத்தம் என்ற ஒரே எண்ணில் சந்திக்கட்டும்.

வெரிலாக் என்ற வன்பொருள் விவரிப்பு மொழியில் எழுதிய சில்லின் வடிவமே கையில் இருந்தால்?

வெரிலேட்டர் என்ற மென்பொருள் அதைச் சி++ வகுப்பாகவோ சிஸ்டம்சி மொட்யூலாகவோ மாற்றித் தரும். சி++ வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். உள்ளீடுகளை வைத்து, மதிப்பிடும் செயற்கூற்றை அழைத்தால் போதும் என்பதால் அது ஏற்கனவே ஓர் உட்கரு. துடிப்புக்குத் துடிப்பு ஓடுவதால் மெதுவானது. எனவே கையால் எழுதிய மாதிரி சரியா என்று ஒப்பிட உதவும் அளவுகோலாக அதைப் பயன்படுத்துவது சிறந்தது.

நினைவகம், கேஷ் (செயலிக்கு அருகிலுள்ள விரைவு நினைவகம்), செயலி ஆகியவற்றையும் இப்படிப் பிரிக்கலாமா?

பிரிக்க வேண்டாம். நினைவகத்தின் ஒவ்வோர் அணுகலையும் உட்கருவின் அழைப்பாக்கினால் வேகம் வீழும், டி.எல்.எம்.இன் நேரடி நினைவக அணுகலும் கியூஎமுவின் சொந்த வழியும் அந்த அழைப்பையே தவிர்ப்பதற்காக வந்தவை. கேஷும் உள்ளிணைப்பு வலையும் நேரத்தைப் பற்றிய நூலகத்தின் பார்வையோடு ஒட்டிப் பிறந்தவை. ஜெம்5இன் கேஷ் மாதிரியை வெளியே எடுத்தால் அது கேஷாகவே இருப்பதில்லை. தொடர் இணைப்பு, டைமர், எண்ணாக்கி, பொதுப்பயன் முனைகள், செயலியின் தலையீடின்றித் தரவை நகர்த்தும் டி.எம்.ஏ., மறைகுறியாக்கப் பகுதி போன்ற சுற்றுச் சில்லுகளே இம்முறைக்கு உரியவை. உழைப்பின் பெரும்பகுதியும் அவற்றில்தான் செல்கிறது.

ஓட்டத்தை இடையில் சேமித்து, பிறகு தொடர முடியுமா?

உட்கருவின் நிலை முழுவதும் சுட்டிகளற்ற ஒரே கட்டமைப்பில் இருந்தால் முடியும். கியூஎமுவுக்கும் ஜெம்5இற்கும் நிலையைச் சேமிக்கும் சொந்த வசதிகள் உண்டு. சிஸ்டம்சி தரநிலையில் அப்படி ஒன்று இல்லை. உலகளாவிய மாறிகளும் கணினியின் உண்மைக் கடிகாரமும் விதையற்ற சீரற்ற எண்களும் உட்கருவுக்குள் இருக்கவே கூடாது. அவை இருந்தால் ஒரே கருவியில் இரண்டு தொடர் இணைப்புகள் வைக்கும்போதே குழப்பம் தொடங்கிவிடும்.

எல்லா நூலகங்களிலும் மாதிரி ஒன்றுபோல நடக்கிறது என்பதை எப்படி உறுதிசெய்வது?

சோதனைத் தொகுப்பும் உட்கருவோடு பயணம் செய்ய வேண்டும். ‘இந்தத் துடிப்பில் இந்த ரெஜிஸ்டரில் இதை எழுது, இந்தத் துடிப்பில் வாசித்தால் இது வர வேண்டும்’ என்ற வரிகளைக் கொண்ட எளிய எழுத்துக் கோப்பு ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் எந்த நூலகமும் இன்றி, உட்கருவை நேரடியாக அழைக்கும் சிறு நிரலால் அதை ஓட்டுங்கள். சாதாரண மடிகணினியில் கண நேரத்தில் முடியும் வேலை இது; கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாக மாணவராயினும் வீட்டில் தனியாகக் கற்பவராயினும், ஜெம்5ஐத் தொகுப்பதற்கான நீண்ட நேரமும் பெரிய நினைவகமும் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. பிறகு அதே கோப்பை ஒவ்வோர் உறை வழியாகவும் ஓட்டி, நடந்தவற்றின் பதிவுகளை ஒப்பிடுங்கள்.

ஒப்பிடும்போது எதை எதிர்பார்க்க வேண்டும் என்பதில் நேர்மை தேவை. வாசித்த மதிப்புகளின் வரிசையும் வெளியே சென்ற பைட்டுகளின் வரிசையும் எல்லாவற்றிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும்; அதில் சலுகை இல்லை. இன்டரப்ட் உயர்ந்த கணம், கியூஎமுவில் அலகு முழுமையாக்கலாலும் டி.எல்.எம். தளர்நேர முறையில் செயலி முன்னோக்கி ஓடும் அளவாலும் விலகலாம். அந்த விலகலின் எல்லையை உறைக்கு உறை எழுதிவைத்து, அதைத் தாண்டினால் தோல்வி என்று கொள்ளுங்கள். ஒரே துடிப்பில் நடக்கும் இரண்டு நிகழ்வுகளுள் எது முதலில் என்பதை நூலகத்திடம் விட்டால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகத் தீர்மானிக்கும். அதற்கு இடம் வைக்காமல், பைட் வருகை முதலில், பிறகு டைமர் முடிவு என்பதுபோல உட்கருவே ஒழுங்கை நிர்ணயிக்க வேண்டும். இந்த ஒன்றைச் செய்யாததால் வரும் வழுக்களே தேடிக் கண்டுபிடிக்க அதிக காலம் எடுப்பவை.

எஸ்.எஸ்.டி.யில் பல கணினிகளில் பகிர்ந்து ஓட்டும்போது தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும். அங்கே ஒரு மாதிரி இன்னொன்றை நேரடியாக அழைக்க முடியாது. எல்லாம் தாமதமுள்ள இணைப்புகள் வழியாக நிகழ்வுகளாகச் செல்கின்றன, அந்தத் தாமதமே பகிர்ந்து ஓட்டுவதைச் சாத்தியமாக்குகிறது. ஓர் உட்கரு இன்னோர் உட்கருவின் செயற்கூற்றை நேரடியாக அழைத்து விடை பெறுமாறு எழுதப்பட்டிருந்தால் இங்கே உடையும். உட்கருக்கள் தமக்குள் பேசக் கூடாது, உறை வழியாகவே பேச வேண்டும் என்பதை முதல் நாளிலிருந்தே விதியாக்குங்கள்.

உரிமங்கள் தடையாக இருக்குமா?

சிஸ்டம்சியின் மூலநிரல் அப்பாச்சி 2.0 உரிமத்திலும் ஜெம்5 பி.எஸ்.டி. வகை உரிமத்திலும் வருகின்றன. கியூஎமு ஒட்டுமொத்தமாக ஜி.பி.எல். இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. உட்கருவுக்கு பி.எஸ்.டி. போன்ற தளர்வான, ஜி.பி.எல். இரண்டாம் பதிப்போடு ஒத்துப்போகும் உரிமத்தைக் கொடுங்கள். கியூஎமு உறையை மட்டும் ஜி.பி.எல். உரிமத்தில் தனிக் கோப்புறையில் வையுங்கள். அப்பாச்சி 2.0 உரிமம் ஜி.பி.எல். இரண்டாம் பதிப்போடு ஒத்துப்போவதில்லை என்று கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கூறுவதால், உட்கருவுக்கு அதைத் தவிர்ப்பது நல்லது.

ஏற்கனவே சிஸ்டம்சியில் எழுதிய மாதிரி இருக்கிறது. அதைத் தூக்கியெறிய வேண்டுமா?

தேவையில்லை. முதலில் அதன் மேல் மேற்சொன்ன எழுத்துக் கோப்புச் சோதனையை எழுதி, இன்றைய நடத்தையைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். அடுத்து, ரெஜிஸ்டர் மாறிகளை ஒரு கட்டமைப்புக்குள் திரட்டுங்கள். அவற்றை மாற்றும் வரிகளை, நூலகத்தின் எந்தப் பெயரும் வராத செயற்கூறுகளாக ஒவ்வொன்றாக வெளியே எடுங்கள். ஒவ்வொரு முறையும் சோதனையை ஓட்டுங்கள். வெயிட் உள்ள இழைகளைக் கடைசியாகத் தொடுங்கள். ஒவ்வொரு வெயிட்டும் ஒரு நிலைக்குப் பெயராகிறது. அதற்கு முன்னுள்ள வரிகள் அந்த நிலைக்குள் நுழையும்போது செய்பவை, பின்னுள்ளவை எழுப்பப்படும்போது செய்பவை. எல்லா வெயிட்டுகளும் போன பின் எஞ்சி நிற்கும் சிஸ்டம்சி வகுப்பே உங்கள் முதல் உறை. அதைத் தொகுக்காமல், உட்கருவை மட்டும் தனியாகத் தொகுத்துப் பாருங்கள். தொகுப்பி எந்தக் குறையும் சொல்லாவிட்டால் கியூஎமு உறையை எழுதத் தொடங்கலாம்.